டிவியில் தெரியாத இடம்

என் வீட்டுக்காரருக்குக் குவைத்தில் ஏசி மெக்கானிக் வேலை. பெயர் செந்தமிழன். பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷனைப் பேச வைத்தது கேமராதான்.

போன லீவுக்கு வந்தவர் புதுக்கோட்டையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து வீட்டைச் சுற்றி நாலு கேமரா மாட்டினார். கேட்டுக்கு ஒன்று, முன்வாசலுக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, கொல்லையில் போர் மோட்டாருக்கு ஒன்று. நாலும் பதிவாகிற ரெக்கார்டர் பெட்டியை பீரோவின் தலையில் ஏற்றி வைத்தார்கள். "சார், இத டிவியிலயும் குடுத்துரட்டுங்களா?" என்று வந்த ஆள் கேட்டார். "அவளுக்கு எதுக்குங்க அதெல்லாம்? நான் போன்லயே பாத்துக்குறேன்" என்றார் இவர். நான் அப்போது அவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். தம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். யாருக்கும் கேட்கவில்லை.

அவர் விமானம் ஏறிய மறுநாளே ஆரம்பித்தது. "ஏய், கேட்ட ஏன் தெறந்து போட்டுருக்க?" பத்து நிமிஷம் கழித்து, "வாசல்ல யாரு அது, பச்சைச் சட்டை?" மத்தியானம், "மாட்டுக்கு இன்னும் தண்ணி காட்டலயா?" அந்த மாட்டைக் கன்றுக்குட்டியிலிருந்து வளர்த்தவள் நான். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் முன்வாசல் கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினேன். இரண்டு நிமிஷத்தில் போன். "யாருக்குடி பழிப்புக் காட்டுற?"

இந்த லட்சணத்தில்தான் எனக்கு வேலை வந்தது.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலிலிருந்து ஆறு கிலோமீட்டர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பால் கம்பெனி புதிதாகக் கொள்முதல் ஆரம்பித்திருந்தது. காலையில் ஏழு ஊருக்குப் போய், பாலின் தரம் பார்த்து, எழுதிக்கொண்டு வர ஆள் தேவை என்றார்கள். படித்த பெண்ணாக இருக்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். நான் பி.ஏ. வரலாறு. அந்த சர்டிபிகேட் பத்தொன்பது வருஷமாக பீரோவுக்குள் படுத்துக் கிடக்கிறது. அதற்கு மேலே இப்போது கேமராப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி மேனேஜரைப் பார்த்துப் பேசினேன். "ஒண்ணாம் தேதி வண்டியோட வந்து நில்லுங்க. இல்லாட்டி வேற ஆள் பாத்துக்குறோம்" என்றார். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு ஆசையாக நான் எதையும் கேட்டதில்லை; மகள் திருச்சியில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் மாட்டோடு மட்டும் பேசிப் பேசி அலுத்துப்போயிருந்தது.

ஸ்கூட்டர் பேச்சை எடுத்தால் வீட்டுக்காரருக்கு ஒரே பதில்தான். "அடுத்த லீவுல வந்து நானே கத்துத் தாரேன். அதுவரைக்கும் தொடாத. நீ விழுந்து கையக் கால ஒடச்சுக்கிட்டா அங்க யாரு பாக்குறது?" அந்த அடுத்த லீவு ஐந்து தடவை வந்துவிட்டுப் போயாயிற்று. வந்தால் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து. ஸ்கூட்டர் மட்டும் ஞாபகம் வராது.

பக்கத்து வீட்டு ரஞ்சிதா தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சொந்த ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். "காலையில ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் நான் ஃப்ரீதாங்கக்கா. நான் கத்துத் தாரேன்" என்றாள். கற்றுக்கொள்ள இடம்தான் இல்லை. தெருவில் ஓட்டினால் அரை மணி நேரத்தில் சேதி குவைத்துக்குப் போய்விடும். எங்கள் ஊர் ஆட்களே அங்கே பதினோரு பேர் இருக்கிறார்கள். வீட்டுக்குக் கிழக்கே, அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கிற வேலி ஓரமாக ஒரு காலி இடம் உண்டு. வேலியில் ஒரு திறப்பும் உண்டு. வண்டியை அவள் வீட்டிலிருந்து அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அந்த இடம் கேமராவில் விழுகிறதா, விழுந்தால் எதுவரைக்கும்? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. குவைத்தில் அவர் பார்ப்பதை இங்கே நானும் பார்க்க வேண்டும்.

கேபிள்காரர் செபமாலை அண்ணனுக்குப் போன் போட்டேன்.

ஊரில் பாதிப் பேர் செல்போனிலேயே படம் பார்க்க ஆரம்பித்துவிட்டதால் அண்ணனுக்கு வேலை குறைந்துபோயிருந்தது. ஒயர் மாட்டக் கூப்பிட்டதும் ஏணி, பை, வாய் நிறைய வெற்றிலை என்று புறப்பட்டு வந்துவிட்டார். அவர் வாசலில் கால் வைக்கவும் என் போன் அடித்தது.

"செபமாலை எதுக்கு வந்துருக்காரு?"

"டிவி சரியா வரலைங்க."

பொய் இல்லை. எனக்கு வர வேண்டியது வரவில்லைதானே.

எங்கள் டிவியில் எச்டிஎம்ஐ என்கிற அந்தத் தட்டையான ஒயர் சொருக ஒரே ஓட்டைதான். அதில் கேபிள் பெட்டி ஏற்கெனவே குடியிருந்தது. "அத மஞ்ச செவப்பு வெள்ளைக்கு மாத்திட்டு, இதுல உம்ம ரெக்கார்டரக் குடுத்துருவோம் தங்கச்சி" என்றார் அண்ணன். மூன்று நிற ஒயரைப் பையிலிருந்து எடுத்து உதறினார். டிவியின் முதுகுப் பக்கம் தலையை விட்டு, கையால் தடவித் தடவிச் சொருகினார். சீரியல் வந்தது, கறுப்பு வெள்ளையில்.

"பழைய படம் போலருக்கு" என்றார்.

"இல்லண்ணே, நேத்து கலர்லதான் பாத்தேன். அந்தப் பொண்ணு கட்டியிருக்கிறது ஊதாப் பட்டு."

மறுபடி தலையை உள்ளே விட்டார். மஞ்சளைப் பக்கத்து ஓட்டையில் சொருகியிருந்திருக்கிறார். மாற்றியதும் ஊதாப் பட்டு வந்தது. அடுத்து பீரோ மேலிருந்து ரெக்கார்டர் ஒயரை இறக்கிக் கொடுத்தார். டிவி நீலமாக நின்றுகொண்டு சிக்னல் இல்லை என்றது. அண்ணன் வெற்றிலையைக் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒதுக்கினார்.

"பொட்டிய ஒருக்கா அணைச்சுப் போடணும். எந்திரிக்கும்போதே டிவி கூட இருந்தாத்தான் அதுக்குப் படம் அனுப்பத் தோணும்."

அணைத்தார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினேழு எண்ணுவதற்குள் போன் வந்துவிட்டது.

"என்னாச்சு? நாலு கேமராவும் போயிருச்சு?"

"கரண்ட் இல்லைங்க."

"கரண்ட் இல்லாமயா வைஃபைல பேசிக்கிட்டிருக்க?"

"செல்லுல காசு போட்டுருக்கேன், அதுல பேசுறேன்."

"உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது?"

"அது செபமாலண்ணன் மூச்சு வாங்குறாருங்க, ஏணில ஏறி எறங்கி."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, நல்ல மனுஷன், போன் பக்கமாகக் குனிந்து நாலு தடவை பலமாக மூச்சு வாங்கினார்.

பெட்டி உயிர் வந்து எழுந்தது. டிவியில் நாலு கட்டம், நாலு கட்டத்திலும் என் வீடு. கேட், வாசல், மாடு, மோட்டார். இத்தனை மாசமாக அந்த மனுஷன் எதைப் பார்த்துக்கொண்டு என்னை அதட்டினாரோ, அது அத்தனையும் என் நடுவீட்டில்! எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"பொட்டி என்ன புடிக்குதோ அதத்தான் டிவி காட்டும் தங்கச்சி. கூடவும் காட்டாது, கொறைச்சும் காட்டாது" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் நான் ரிமோட்டை எடுத்தேன். சீரியல் பார்க்கும்போது எப்போதும் ஜூம் பட்டனை அமுக்கிப் படத்தைப் பெரிசாக்கிக்கொள்வது என் வழக்கம். முகம் முகமாகத் தெரிய வேண்டும் எனக்கு. இதிலும் அமுக்கினேன். மாடு பெரிசாயிற்று. ஓரத்தில் இருந்த தேதி, நேரம் எல்லாம் வெட்டுப்பட்டுப் போயின. போகட்டும், தேதி பார்க்கத்தான் காலண்டர் இருக்கிறதே.

அன்று சாயங்காலமே ரஞ்சிதாவை டிவி முன்னால் உட்கார வைத்தேன். நான் கோலமாவுக் கிண்ணத்தோடு கிழக்குப் பக்கம் போனேன். அவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"இங்கிட்டு வாங்க... தெரியுறீங்க. இன்னும் அங்கிட்டுப் போங்க. அங்கிட்டு, அங்கிட்டு... பாதி ஆளு தெரியுது... ஆ, காணோம்! காணோங்கக்கா!"

காணாமல் போன இடத்தில் கோலமாவால் ஒரு நீளக் கோடு இழுத்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் வேலி வரைக்கும் என் ராஜ்ஜியம். ரெண்டு கட்டில் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதில் சுற்றிச் சுற்றித்தான் ஓட்ட முடியும். ரஞ்சிதாவின் வேலித் திறப்பிலிருந்து வண்டி உள்ளே வருகிற வாட்டத்துக்கு, வலது பக்கம்தான் சுற்ற வாகாக இருந்தது. அதனால் வலது பக்கமே சுற்றினேன்.

முதல் நாள் வண்டி என்னை ஓட்டியது. மூன்றாம் நாள் வேலியில் போய் நின்றோம், நானும் வண்டியும். பத்தாம் நாள் கால் ஊன்றாமல் ஒரு சுற்று வந்தேன்! ரஞ்சிதா விசில் அடித்தாள். டீச்சருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினைந்தாம் நாள் ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு அதிகமாக முறுக்கி, குப்புற விழுந்து முட்டி உரிந்துபோயிற்று. அன்று மத்தியானம் போனில் வீட்டுக்காரர் சம்பந்தமே இல்லாமல், "வீட்டுல காயத்துக்குப் போடுற ஆயின்மென்ட் இருக்கா?" என்றார். எதற்கு என்றேன். "இங்க ரூம்ல ஒருத்தன் விழுந்துட்டான், அதான் ஞாபகம் வந்துச்சு" என்றார். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. விடிந்ததும் அடிக்கிற போன் அந்த ஒன்றரை மாசமும் ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை அடிக்கவே இல்லை. ஆண்டவன் கண் திறந்தான், ஷிப்டு மாறியிருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன். எல்எல்ஆர் எடுத்தாயிற்று. முதல் சம்பளம் வந்து நான் ஒரு பழைய வண்டி வாங்குகிறவரை, காலையில் தன் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ரஞ்சிதா.

ஒன்றாம் தேதிக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சாயங்காலம் வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து செபமாலை அண்ணன் வந்து சேர்ந்தார். தெருவில் ஏதோ ஒயர் மாற்றினாராம், எல்லா வீட்டிலும் படம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு வருகிறாராம். டிவியைப் போட்டதும் நாலு கட்டம் வந்தது. அண்ணன் முகத்தைச் சுளித்தார். "என்ன தங்கச்சி, படத்த ஜூம்ல வச்சுருக்கீரு? சுத்தி எல்லாப் பக்கமும் வெட்டித் தின்னுருச்சே!" என்று ரிமோட்டை வாங்கி ஒரு பட்டனை அமுக்கினார்.

படம் சுருங்கியது. ஓரத்தில் தேதி வந்தது, நேரம் வந்தது. முன்வாசல் கட்டத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் வந்தது. அந்த இடத்தில் ஒரு கோலமாவுக் கோடு தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வேலி தெரிந்தது. வேலிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து ரஞ்சிதா மூக்கை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது... போன்லயும் இப்படித்தான் தெரியுமா?"

"போன்ல முழுசாத் தெரியும். இங்க நீரு ஜூம் போட்டுத்தானே வெட்டிருக்கு?"

போச்சு. நாற்பத்து மூன்று நாள்! உச்சந்தலை சுடுவது எனக்கே தெரிந்தது. அண்ணனை அனுப்பிவிட்டு, அங்கே வேலை நேரமா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் போன் போட்டேன்.

"ஏங்க, கெழக்குப் பக்கம் கேமராவுல தெரியுமா?"

"தெரியும்."

"எம்புட்டுத் தூரம்?"

"வேலி வரைக்கும்."

"எப்பருந்து பாக்குறீங்க?"

"நீ மாவுல கோடு போட்டேல்ல, அன்னைலேர்ந்து. மொதல்ல என்னமோ மந்திரிச்சுக் கோடு போடுறேன்னு பயந்துட்டேன். மறுநாளு வண்டி வந்துச்சு, அப்பறம்தான் வெளங்குச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருவ." அவர் குரலில் ஒரு குஷி வந்துவிட்டது. "இங்க அப்ப மணி மூணரை. ரூம்ல ஆறு பேரும் எந்திரிச்சு உக்காந்துருவோம் பொற்கொடி. நீ கால் ஊனாம ஒரு ரவுண்டு வந்த பாரு, அன்னைக்கு ஒரே கைதட்டல். விழுந்த அன்னைக்கு நம்ம அய்யப்பன் சோறே திங்கல."

ஆறு ஆம்பளைகள்! முட்டி தெரிய விழுந்ததும், வண்டியைத் திட்டியதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்ததும், ஆறு ஆம்பளைகள் டீ குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள்! வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

"நல்லா வருது ஒனக்கு. அப்படியே கெழக்குப் பக்கமாவே ஓட்டு. ரோட்டுக்கு மட்டும் போயிராத. நான் பாத்துக்கிட்டேதானே இருக்கேன்?"

அதில்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கு நான் வேலைக்குப் போறேன். பால் கம்பெனி. ஏழு ஊரு, வண்டியில."

"வேலையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"ஏன், அது கேமராவுல தெரியலயா?"

அந்தப் பக்கமிருந்து பதில் அவசர அவசரமாக வந்தது. "ரோட்டுல லாரி வரும். மணல் கெடக்கும். நான் பாக்க முடியாதுடி. அடுத்த லீவுக்கு வந்து நானே..."

போனை வைத்துவிட்டேன். வைத்ததும் அழுகை வந்தது. கோபத்தில் பாதி. மூன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்த அந்த முட்டாளை நினைத்துப் பாதி. அந்த வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போயிட்டு வா என்று சொல்லியிருக்கலாம். வேலைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். மேனேஜரின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். வேலித் திறப்புப் பக்கம் போகவில்லை. முன்வாசல் வழியாக, எல்லாக் கேமராவும் பார்க்க, நேராகக் கேட்டுக்கு வந்தேன். அங்கேதான் ஒரு சிக்கல். ஆவுடையார்கோவில் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். பிறந்ததிலிருந்து நான் இடது பக்கம் திரும்பியதே இல்லை. குவைத்தில் ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நன்றாகத் தெரியும். பார்க்கட்டும். வண்டியை நிறுத்தி இறங்கினேன், கையால் தள்ளி இடது பக்கமாகத் திருப்பி வைத்தேன், மறுபடி ஏறி உட்கார்ந்தேன். ஒருவேளை அவர்கள் சிரித்திருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நூறடி தாண்டியதும் இடுப்புப் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை; எடுக்க எங்கே கை இருக்கிறது, ரெண்டு கையும் ஹாண்டில்பாரில். நின்றது, மறுபடி அடித்தது. லாரி ஒன்று எதிரே வந்தது, சொன்ன மாதிரியே. ஓரம் கட்டினேன், அது போயிற்று. மணலும் கிடந்தது. மெதுவாக ஏறி இறங்கினேன். இடது பக்கம் ஒரு வளைவு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்தேன். வண்டி திரும்பிவிட்டது. "அடி ஆத்தாடி!" என்று கத்தினேன். வயலில் நின்ற கொக்கு பறந்தது.

முதல் ஊரில் பால்காரர்கள் கேனோடு காத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் போனை எடுத்தேன். பதினொரு மிஸ்டு கால். கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. திட்டத்தான் திட்டியிருப்பார் என்று காதில் வைத்தேன். முதலில் வெறும் மூச்சு. பின்னால் யாரோ இருமினார்கள். அப்புறம் அவர் குரல், ரொம்பச் சின்னதாக.

"பொற்கொடி, கேட் வரைக்கும் நல்லா ஓட்டுன. அதுக்கப்பறம் எப்படி ஓட்டுன?"

தனக்குத் தெரியாத ஒன்றை என் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த மனுஷன் காத்திருந்தது, பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பையில் போட்டேன். இன்னும் ஆறு ஊர் இருந்தது. முடித்துவிட்டு வந்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.